மொட்டைமாடிச் சூட்டைத் தணிக்க எந்த வழி? சேலத்து வீட்டுக்கும் ஏற்காட்டு வீட்டுக்கும் ஓர் ஒப்பீடு

சேலத்தில் ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாள்களில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி மீண்டும் ஒருமுறை அப்படியே நிற்கிறது. அந்த நாள்களில் சுவரின்மேல் சாய்வாகச் சறுக்கிப் போகும் வெயில், தளத்தின்மேல் செங்குத்தாக இறங்குகிறது. அம்மாபேட்டையில் உள்ள எங்கள் வீடு தரைத்தளம் மட்டுமே கொண்டது. தளத்தின் பரப்பு 850 சதுர அடி. கோடையில் இரவு பத்து மணிக்கு முக்காலியின்மேல் ஏறி உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான பால் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டது போல இருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் இரவெல்லாம் கட்டிலின்மேல் தள்ளிக்கொண்டிருக்கிறது. இந்தத் தளத்துக்கு என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க இறங்கியபோது, எந்த வழி எவ்வளவு சூட்டைக் குறைக்கும் என்ற கேள்வியோடு, எந்த வழிக்கு யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட்டதில் எனக்குக் கிடைத்த விடை, ஊரில் பெரும்பாலோர் எடுக்கும் முடிவுக்கு நேர் எதிராக இருந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் விதியின் கோட்டைத் தெளிவாகப் பார்த்துவிட வேண்டும். நம் மாநிலத்தில் வீடு கட்டுவதையும் மாற்றியமைப்பதையும் நெறிப்படுத்துவது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. வெள்ளையடிப்பது, பூச்சு வேலை, தளத்தின் ஓட்டைப் பெயர்த்து மறுபடி பதிப்பது போன்றவை பராமரிப்பு வேலைகள். அவற்றுக்குத் திட்ட அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் இல்லாத கூரையோ அறையோ புதிதாக எழும்பினாலும், வீட்டைச் சுற்றி விட்டிருக்கும் திறந்தவெளி குறைந்தாலும், அது புதிய கட்டுமானம் ஆகிவிடும். சூட்டைக் குறைக்கும் வழிகள் எல்லாம் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான் விழுகின்றன. வீட்டின் வடிவம் மாறுகிறதா, மாறவில்லையா என்ற ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தாலே, எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சேலத்தில் மாடி சுடுகிறது என்று சொன்னவுடன் பத்தில் எட்டுப் பேர் தரும் யோசனை, இரும்புக் குழாய் நட்டுத் தகர ஷீட் போட்டுவிடுங்கள் என்பதுதான். குகை, செவ்வாய்ப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று எந்தப் பக்கம் மாடியேறிப் பார்த்தாலும் நீலமும் சிவப்புமாக ஷீட் கூரைகள் தெரியும். நாங்களும் அதைத்தான் முதலில் செய்தோம். அதில் பட்ட இடர்ப்பாட்டைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது.

ஷீட்டின் நன்மை எதில் இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். தகரம் வெப்பத்தைத் தடுக்கும் பொருள் அன்று. அது தருவது நிழல் மட்டுமே. ஷீட்டுக்கும் தளத்துக்கும் இடையே நான்கு பக்கமும் காற்று தடையின்றிப் போய்வந்தால், ஷீட்டில் ஏறும் சூட்டைக் காற்று அடித்துக்கொண்டு போகும். தளம் ஓரளவு குளிரும். ஆனால், ஷீட் போட்ட வீட்டார் அத்துடன் நிற்பதில்லை. மழைச்சாரல் அடிக்கிறதென்று ஒரு பக்கத்தை மூடுவார்கள். பொருள்கள் வைக்க இன்னொரு பக்கம் ஹாலோ பிளாக் சுவர் ஏறும். கடைசியில் ஒரு கதவும் வந்துவிடும். அந்த நொடியில் இரண்டு இழப்புகள் ஒன்றாக நேர்கின்றன. காற்று நின்றுபோவதால், சுடும் தகரத்தின் வெக்கை நேராகத் தளத்தின்மேல் இறங்கத் தொடங்குகிறது. அதுவரை நிழற்கூரை என்று வாதாடக்கூடியதாக இருந்த ஒன்று, சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் அறையாக மாறித் தளப்பரப்புக் கணக்கிலும் சொத்துவரி மதிப்பீட்டிலும் வந்து உட்காருகிறது. மாடிப்படி அறையும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் தளப்பரப்புக் கணக்கில் சேர்வதில்லை என்பதைக் காட்டி ஷீட் அறையும் சேராது என்று சொல்லும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. அந்தப் பேச்சை நம்ப வேண்டாம்.

எங்களுக்கு நேர்ந்தது இதுதான். மூன்று பக்கம் மூடிய எங்கள் ஷீட் அறை அங்கே ஒன்பது ஆண்டுகள் இருந்தது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, மகளின் படிப்புக்காக வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கப் போனபோது, வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் மாடிக்கு ஏறினார். ஒப்புதல் வரைபடத்தைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு ஷீட்டை அண்ணாந்து பார்த்தார். அவருடைய அறிக்கையில், வரைபடத்துக்கு மாறான கட்டுமானம் என்று ஒரு வரி ஏறியது. அந்த ஒரு வரிக்காகக் கடன் இரண்டு மாதம் தள்ளிப்போனது; கல்லூரிக் கட்டணத்துக்கு நகையை வைக்க வேண்டியதாயிற்று. ஷீட்டைக் கழற்றிப் புகைப்படம் எடுத்துக் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது. மதிப்பீட்டாளர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவர் தம் வேலையைச் செய்தார். ஷீட் போட்டவர் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற ஆதங்கம் மட்டும் இன்னும் இருக்கிறது.

மாடியில் உண்மையிலேயே ஓர் அறை தேவைப்படுகிறவர்கள், பதிவுபெற்ற பொறியாளரைக் கொண்டு வரைபடம் போட்டு, ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, முறையான சுவரோடும் தளத்தோடும் கட்டிக்கொள்வது நல்லது. புதிதாக வீடு கட்டுவோருக்கு, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி தரும் முறை 2024 ஜூலையில் வந்துவிட்டது. ஆகவே, அனுமதி வாங்க அலைய முடியாது என்ற பழைய சாக்கு அவர்களுக்கு இனி இல்லை. சூட்டுக்காக மட்டும் ஷீட் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடைமழைக்கு முன் வீசும் சுழற்காற்றில் ஷீட் பறந்து பக்கத்து வீட்டில் விழுவது வேறு இருக்கிறது.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அனுமதி தேவையில்லை, செலவு மிகக் குறைவு, இரண்டு நாள் வேலை. வெறும் சாம்பல்நிறக் காங்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை. புதிதாக அடித்த கூல் ரூஃப் பெயின்ட் பத்தில் ஏழு பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். பெரிய வணிகக் கட்டடங்களுக்கான எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, குளிர்கூரைக்கு 0.6 பிரதிபலிப்பை, அதாவது விழும் வெயிலில் பத்தில் ஆறு பங்கைத் திருப்பி அனுப்புவதை, குறைந்தபட்சமாகக் கேட்கிறது. அந்த அளவையே நாமும் பெயின்ட் டப்பாவில் தேடிப் பார்க்கலாம். இதன் குறை தூசு. நம் ஊர்ப் புழுதி படிந்தால் வெள்ளை ஓராண்டிலேயே மங்கிவிடும். பங்குனி பிறந்தவுடன் ஒருநாள் மாடியைத் தேய்த்துக் கழுவுவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். பெயின்ட்டுக்கு வழியில்லாதவர்கள் சுண்ணாம்பு அடிக்கலாம். அது மழையில் கரையும், அடுத்த கோடைக்கு மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். ஆனால், அந்தக் கோடைக்கு அது போதும்.

மூன்றாவது வழி, தளத்தின் மேலேயே வெப்பத்தடுப்புப் பலகை பதிப்பது. என் முடிவு இதன் பக்கம் சாய்ந்ததால், கணக்கைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். கூரையின் உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் வெப்பம் நுழைகிறது என்பதை யூ மதிப்பு என்கிறார்கள். எண் சிறியதாக இருந்தால் கூரை நல்லது. ஐந்து அங்குலக் காங்கிரீட் தளமும் அடிப்பூச்சும் மட்டும் இருந்தால் இது 3.3 அளவில் இருக்கும். நம் பக்கத்து வழக்கப்படி அதன்மேல் மூன்று அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் 2.4-க்கு இறங்கும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, கூரைக்கு 1.2-ஐ உச்ச வரம்பாக வைத்திருக்கிறது. அத்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கு என்று எழுதப்பட்டது; அம்மாபேட்டையின் 1,200 சதுர அடி மனையை அது கட்டுப்படுத்தாது. ஆயினும், நல்ல கூரை என்றால் எவ்வளவு என்று கேட்பவருக்கு அந்த எண்ணைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை. தட்டோடு பதித்த தளம்கூட அந்த வரம்பைப்போல இரண்டு மடங்கு வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, நல்ல ஓடு போட்ட தளம் எங்களுடையது என்று இத்தனை ஆண்டுகள் இருந்த நிம்மதி போய்விட்டது. இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் போர்டு, அதாவது கெட்டியான பாலிஸ்டைரீன் நுரைப் பலகை, சேர்ந்தால் மதிப்பு ஏறக்குறைய 0.5 ஆகிறது, ஓர் அங்குலமே 1.2-க்குள் கொண்டுவந்துவிடும்.

பழைய தட்டோட்டின் மேலேயே போர்டை வைத்துப் புதுத்தளம் போடலாமா என்று பலரும் கேட்பார்கள். மேஸ்திரிகளில் சிலர் அப்படியே செய்தும் கொடுப்பார்கள். பாரத்தைக் கணக்குப் பார்த்தால் அது தவறு. செங்கல் ஜல்லியும் ஓடும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு 180 கிலோ அளவுக்கு எடை வரும். மாடியில் மனிதர் நடமாட்டத்துக்காக இந்தியத் தர நிர்ணயம் ஒதுக்கியிருக்கும் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். பழையதின்மேல் புதியதை ஏற்றினால், அந்த ஒதுக்கீடு முழுவதையும் கலவையே விழுங்கிவிடும். பழைய ஜல்லித் தளத்தைச் சுத்தமாகப் பெயர்த்து எடுத்துவிட்டு, நீர்க்காப்புப் பூச்சு, அதன்மேல் போர்டு, அதன்மேல் கம்பிவலை வைத்துச் சராசரி இரண்டு அங்குலக் கலவை, பிறகு ஓடு என்று போனால், மொத்த எடை 150 கிலோவை ஒட்டி நிற்கும். சூடும் குறைகிறது, தளத்தின் பாரமும் முன்பைவிடக் குறைகிறது. போர்டின் எடை சதுர மீட்டருக்கு இரண்டு கிலோகூட வராது என்பதால்தான் இது கூடிவருகிறது. முப்பது ஆண்டைத் தாண்டிய வீடாக இருந்தால், ஓட்டைப் பெயர்த்த அன்றே ஒரு பொறியாளரை அழைத்துக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதற்கு வேறு வாய்ப்பு வராது.

இந்த வேலைக்கு அனுமதி தேவையில்லை என்றாலும், விதி ஒன்று இதற்குள்ளும் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லா வீடுகளுக்கும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயம். புதுத்தளம் போடும்போது வாட்டம் மாறிவிட்டால், தொட்டிக்கோ குழிக்கோ போய்க்கொண்டிருந்த நீர் வேறு மூலையில் தேங்கிவிடும். பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இறக்கம் இருக்கும்படி, பழைய குழாய் வாயை நோக்கியே நூல் பிடிக்கச் சொல்ல வேண்டும். குழாய் வாயின் மட்டம் புதுத்தளத்தைவிட உயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வேலை நடந்தபோது, கொத்தனார் ஓடு பதிக்கும் முன்பே நீர்க்காப்புப் பூச்சின்மேல் மணலால் வரம்பு கட்டித் தண்ணீரைத் தேக்கி வைத்தார். முழுதாக இரண்டு நாள் அப்படியே விட்டார். இரண்டாம் நாள் காலையில் அந்த வீட்டு அம்மா கையில் டார்ச்சோடு கூடத்தின் நான்கு மூலைகளையும் அடுக்களையின் புகைபோக்கி ஓரத்தையும் பார்த்தார். புகைபோக்கி ஓரத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு ஈரம் தெரிந்தது. போர்டு மூடுவதற்கு முன் தெரிந்ததால் ஒரு மணி நேரத்தில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். இந்தத் தேக்கச் சோதனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

உள்ளே ஃபால்ஸ் சீலிங் போட்டு அதன்மேல் தெர்மாகோல் வைப்பதும் அனுமதி தேவையில்லாத வழிதான். சூடு கீழே இறங்குவது குறையும். ஆனால், தளம் வெயிலில் காய்ந்துகொண்டேதான் இருக்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் அதன் அலைச்சல் நிற்காது, விரிசலும் கசிவும் சீலிங்குக்கு மேலே கண்ணுக்குத் தெரியாமல் வளரும். வாடகை வீட்டில் இருப்போருக்கும் அடுக்ககத்தின் மேல்தளத்தில் இருப்போருக்கும் வேறு வழி இல்லாதபோது மட்டும் இது பொருந்தும்.

சுவரில் மேற்குப் பக்கம் ஒன்றே கவனத்துக்குரியது. வெளிப்புறத்தில் பலகை ஒட்டிப் பூசினால் சுவர் இரண்டு, மூன்று அங்குலம் பருத்து, கட்டாயமாக விட வேண்டிய பக்கத் திறந்தவெளிக்குள் நீளும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் சிறு மனைகளில் அந்த மூன்று அங்குலமே விதிமீறலாகிவிடலாம். அங்கே உட்புறப் பூச்சோ ஜன்னலுக்கு மூங்கில் தட்டியோ போதும்.

நான்காவது, சூரிய மின்தகடு. இதை மின்சாரத்துக்காக மட்டும் பார்ப்பது அரைப்பார்வை. தகடும் ஒரு நிழற்கூரைதான். அடியில் காற்றோடும் நிழல், அதாவது ஷீட் தர வேண்டியிருந்தும் தராமல் போன அதே நன்மை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வேண்டும் என்பதால், மூன்று கிலோவாட் எங்கள் மாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக நிழல் தரும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும் மூன்றாவதற்கு 18,000 ரூபாயும், ஆக 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான். அந்த மானியத்துக்கு அரசு அடிப்படையாக எடுத்த விலை மூன்று கிலோவாட்டுக்கு 1,45,000 ரூபாய். ஒப்பந்தக்காரர் சொல்லும் விலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பேரம் பேசலாம். தகடு இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டதாக இருந்தால் மட்டுமே மானியம் வரும் என்பதைக் கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே மின்பகிர்மானக் கழகம் விண்ணப்பத்தை ஏற்க வேண்டும் என்பது 2024-இல் திருத்திய விதி.

மின்கட்டணத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் எல்லா வீட்டுக்கும் இலவசம். ஆனால் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமின்றி அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் விலை ஏறிவிடுகிறது. கோடையில் ஏசி ஓடி 540, 560 என்று நிற்கும் வீடுகளுக்குச் சூரியத்தகடு முதல் தேவை அன்று. கூரையைக் குளிர்வித்து 500-க்குள் இறங்கினாலே கட்டணம் சட்டென்று குறையும். 800, 1,000 என்று போகும் வீட்டுக்குத்தான் தகடு உடனே கணக்குக்கு வரும். ஒரு நாளைக்கு ஒரு கிலோவாட்டுக்கு நான்கு யூனிட் என்று வைத்தால், மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட் தரும். தகடு தாங்கும் சட்டத்தை ஆள் நடமாடும் உயரத்துக்குத் தூக்கிப் போடுவோர், அடியில் சுவர் எழுப்பும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். ஷீட் அறையில் பட்ட பாடு மறுபடி வேண்டியதில்லை. தளத்தைப் பெயர்க்கும் வேலை இருந்தால் அதை முடித்துவிட்டே தகடு போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து ஆண்டு இருக்க வேண்டிய தகட்டை இரண்டாம் ஆண்டிலேயே கழற்றி மாட்டுவது வீண் செலவு.

இனி ஏற்காடு. அக்கா வீடு அங்கே இருக்கிறது. சேலத்துக் கணக்கை அப்படியே மேலே கொண்டுபோக முடியாது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறியபின் பகை வெயில் அன்று, ஈரம். தகரக் கூரையின் அடிப்பக்கத்தில் மார்கழி விடியலில் முத்து முத்தாக நீர் கோத்து, காப்பிக் கொட்டை மூட்டையின்மேல் சொட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள்ளிருக்கும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. அங்கே வெள்ளைப் பூச்சால் பயனில்லை. குளிர் நாளில் வரும் கொஞ்ச வெயிலையும் அது திருப்பி அனுப்பிவிடும். இரண்டு தகரத் தகடுகளுக்கு நடுவே இரண்டு அங்குலப் பஃப் (பாலியூரிதேன்) நுரை அடைத்த கூரைப் பலகை பொருந்தும். அதன் யூ மதிப்பு 0.5-க்கும் கீழே. ஈரம் நுழையாதபடி இணைப்புகளை உட்பக்கத்திலிருந்து அடைக்க வேண்டும் என்பதே அதில் முக்கியம்.

விதியும் அங்கே வேறு. மலைப்பகுதிக்கென்று 1990-இல் அமைக்கப்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் ஏற்காட்டுக் கிராமங்கள் வருகின்றன. புதிய கட்டுமானத்துக்கு வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் ஆகிய துறைகளின் கருத்தும் கேட்கப்படும். சரிவில் மண் வெட்டுவதும் மரம் எடுப்பதும் தனித்தனிச் சிக்கல்கள். எனவே அங்கே கூரையின் பரப்பையும் உயரத்தையும் ஓர் அடிகூட மாற்றாமல், இருக்கும் சட்டத்தின்மேலேயே பழைய தகரத்துக்குப் பதில் பஃப் பலகையை மாட்டுவது ஒன்றே எளிய வழி. அது பராமரிப்பாகவே நிற்கும். கூரையைச் சற்று முன்னால் இழுத்து வராந்தா போட்டுக்கொள்ளலாமே என்று தச்சர் சொன்னதை அக்கா மறுத்துவிட்டார். வேலை தொடங்கும் முன் நான்கு பக்கமும் அளவுநாடா வைத்துப் புகைப்படம் எடுத்து, தேதியோடு ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கடிதமும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருக்கிறார்.

அம்மாபேட்டையில் எங்கள் வரிசை இப்படி அமைந்திருக்கிறது. இந்தப் பங்குனியில் வெள்ளைப் பூச்சு. அது எவ்வளவு தணிக்கிறது என்று ஏப்ரல் முழுவதும் இரவு பத்து மணிக்கு முக்காலியில் ஏறிப் பார்ப்பது. கோடை முடிந்து ஆடிக் காற்று அடங்கி மழைக்கு முன் கிடைக்கும் இடைவெளியில், பழைய ஜல்லியைப் பெயர்த்து எக்ஸ்பிஎஸ் போர்டோடு புதுத்தளம். அதற்கடுத்த இரண்டு மின்கட்டணச் சீட்டுகளைப் பார்த்து, 500-க்குக் கீழே இறங்கியிருந்தால் சூரியத்தகட்டை ஓராண்டு தள்ளிவைப்பது. இல்லையென்றால் உடனே விண்ணப்பிப்பது. கழற்றி வைத்த பழைய ஷீட்டுகளில் நான்கை, மாட்டுக்கொட்டகைக்கு வேண்டும் என்று அயோத்தியாப்பட்டணத்து மாமா எடுத்துப் போய்விட்டார்.